நஸ்ரீன் போட்ட சத்தம்

ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் என் பக்கத்து சீட் நஸ்ரீன். அவள் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த, கட்டைகளை அடுக்கி ஆடும் கையடக்க வீடியோ கேம் எங்கள் இருவருக்கும் பொது. சாப்பாட்டு நேரத்தில் மாறி மாறி ஆடுவோம்.

"சத்தம் வெச்சா செல்லு சீக்கிரம் தீந்துடும்டி" என்று முதல் நாளே சத்தத்தை அணைத்துவிட்டாள். பேட்டரி செல் சோர்ந்தால் கறுப்புத் தோல் துண்டின்மேல் வெயிலில் காயவைப்போம். இன்னும் கொஞ்சம் ஓடும். சத்தத்தை அவளே வாயால் போடுவாள். கட்டை உட்கார்ந்தால் "டொக்". வரிசை நிரம்பி மறைந்தால் "கிர்ர்ர்". நான் தோற்றால், "உன் தையல் மாதிரியே கோணல்."

கல்யாணமாகிப் பெங்களூர் போகும்போது, புது செல் போட்டு அந்த கேமை என்னிடமே கொடுத்தாள்.

"இனிமே சத்தம் வெச்சே ஆடு. தீந்தா தீரட்டும்."

மறுநாள் முதல் தடவையாகச் சத்தம் வைத்தேன். நல்ல மெட்டுதான். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டேன். கட்டை உட்காரும்போதெல்லாம் பக்கத்திலிருந்து ஒரு "டொக்" வராதா என்று இருந்தது.

நஸ்ரீன் சீட்டுக்கு வந்த புதுப் பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, இதுல சத்தமே வராதா?"

"முன்னெல்லாம் வரும்" என்றேன்.