குழாய்க்குள் அடைத்த கடல்மண்

கப்பலில் போய் வருகிறவர்கள் சோப்பு, சாக்லேட் என்று ஏதாவது கொண்டு வருவார்கள். ஒன்றரை மாதம் கடலில் இருந்துவிட்டு என் சித்தப்பா சேற்றைக் கொண்டுவந்தார். எந்தக் குடும்பம் நம்பும்?

ஆராய்ச்சிக் கப்பலில் அவருக்கு ஒப்பந்த வேலை. நடுக்கடலில் குழாயை இறக்கி, அடித்தரையில் குத்திச் சேற்றோடு தூக்குவார்களாம். கீழே போகப் போக மண் பழசாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு காலத்து மழையும் வெயிலும் தெரியுமாம். அவர் வந்த சனிக்கிழமை ஆபீஸின் குளிர் அறை பழுது. அதனால் முழங்கை நீளக் குழாய் ஒன்று, மும்பை ஆண்டாப் ஹில்லில் எங்கள் ஒற்றை அறை வீட்டு ஃப்ரிட்ஜுக்குள், இட்லி மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"திங்கக்கிழம வரைக்கும் யாரும் தொடப்படாது மதினி. இது பத்திரமாப் போய்ச் சேந்தாத்தான் என் வேலை பெர்மனென்ட் ஆவும்."

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் மண்ணை அடைத்து ஒருவர் வீட்டில் வைத்தால் அது செய்வினை. அவர் வெளியே போனதும் என்னிடம், "கடல் மண்ணுல மழை தெரியுதாம்! ஏட்டி, இதுல ஏதோ லஃப்டா, வில்லங்கம் இருக்கு" என்றாள்.

நான் நாலாவது படித்தேன், செய்வினையெல்லாம் நம்பமாட்டேன். என் சந்தேகம் தங்கம். டிவியில் கடத்தல்காரர்களும் இப்படித்தான் தொடாதே என்பார்கள்.

ஞாயிறு மத்தியானம் அம்மா கிங்ஸ் சர்க்கிளுக்குக் காய் வாங்கப் போனாள். மூடியின் டேப்பைப் பிரித்து, கரண்டிக் காம்பால் குத்திச் சேற்றைத் தாம்பாளத்தில் தள்ளினேன். சாம்பல், பச்சை, கறுப்பு என்று வரி வரியாக வந்தது. நன்றாகப் பிசைந்து தேடினேன். தங்கமும் இல்லை, மந்திரத் தகடும் இல்லை. சித்தப்பா சொன்னது நிஜம்! அவர்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. ஒரு பொட்டுகூடச் சிந்தாமல் எல்லாவற்றையும் திரும்ப அடைத்தேன். எந்த வரி எங்கே இருந்தது என்று யார் கவனித்தார்கள்?

திங்கள் காலை டேப் கோணலாக இருப்பதைப் பார்த்துச் சித்தப்பா மூடியைத் திறந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் தெறந்தேன் சித்தப்பா. ஆனா எல்லாத்தையும் உள்ள வச்சிட்டேன்."

மூடியை மாட்டி டேப்பைத் திரும்ப ஒட்டினார். "அம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

அடுத்த கப்பலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. தன் கைதவறிக் குழாய் விழுந்துவிட்டது என்று ஆபீஸில் சொன்னாராம். வீட்டிலும் அதையே சொன்னார். "நான் அப்பமே சொன்னம்லா" என்றாள் அம்மா.

குழாய் விழவே இல்லை என்பது எனக்குத் தெரியும். மண்ணும் குறையவில்லை. வேறு எதையோ செய்து மாட்டிக்கொண்டுதான் இப்படி மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். பொய் சொல்கிறவரோடு என்ன பேச்சு என்று, ஒரு வாரம் சித்தப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.