பாம்புச்செவியும் மூன்று அழைப்பு மணிகளும்

அவருடைய சொந்தப் பெயர் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. எல்லாருக்கும் அவர் பாம்புச்செவி. கம்பியில்லா மைக் எங்கே மக்கர் செய்தாலும் அவருக்குத்தான் போன் போகும். வந்ததும் கருவியைத் தொடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “பேட்டரி மூச்சு வாங்குது” என்பார். “பக்கத்துக் கட்டடத்துல எவனோ இதே சேனல்ல இருக்கான்” என்பார். சொன்னால் சொன்னதுதான். இருபத்தாறு வருடப் பிழைப்பு அந்தக் காதை நம்பித்தான். மீட்டரெல்லாம் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்.

அன்று காலை கிளம்பும்போதே வீட்டில் ரகளை. வாசல் அழைப்பு மணியை மூன்றாவது தடவையாக மாற்றியிருந்தார். அழுத்திப் பார்த்தால் அதுவும் ஊமை.

“கடைக்காரன் என் தலையில மொளகா அரைக்கிறான்!” என்று குதித்தார்.

சமையலறையிலிருந்து மனைவி ஏதோ சொன்னாள்.

“வாய்க்குள்ளயே பேசாதேன்னு எத்தன தடவ சொல்றது!” என்று கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மனுஷருக்கு எப்போதும் மூக்கு மேலே கோபம்.

அவர் போனது ஒரு நர்சிங் கல்லூரிக்கு. அரங்கத்தில் புதிதாகச் சேர்ந்த இருநூறு பெண்கள். முதல்வரம்மா காலர் மைக்கில் பேசப் பேச, பாதி வார்த்தை காணாமல் போய்க்கொண்டிருந்தது. போன ஐந்தாவது நிமிடம் காரணத்தைப் பிடித்துவிட்டார்.

“ரிசீவரக் கொண்டுபோய் இரும்பு பீரோவுக்குப் பின்னால வெச்சா எப்படி மேடம் சிக்னல் வரும்? பறந்தா வரும்?”

ரிசீவரை மேசைமேல் வைத்தார், படுத்துக் கிடந்த இரண்டு ஆன்டெனாவையும் நிமிர்த்தினார், பேட்டரியை மாற்றினார். குரல் வெட்டுவது நின்றுவிட்டது. வேலை அங்கேயே முடிந்தது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் அவர் பாம்புச்செவி அல்லவே!

“குரல் போர்வைக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு மேடம்.”

“நல்லாத்தானே கேக்குது சார்?”

“உங்க காதுக்கு அது போதும். எனக்குப் போதாது.”

குரல் கூர்மையாகட்டும் என்று மிக்சர் கருவியில் கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைத் திருகினார். திருப்தியில்லை. இன்னும் திருகினார். அது முட்டி நின்றதும் வால்யூமையும் ஏற்றினார். அந்த நேரம் பார்த்து முதல்வரம்மா மேடையிலிருந்து இறங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தார்.

இருநூறு பெண்களும் ஒரே சமயத்தில் குனிந்து காதைப் பொத்திக்கொண்டார்கள்.

என்ன கூத்து இது என்று பார்த்தார். கேலி செய்கிறார்களோ?

“என்னாச்சு? ஏன் எல்லாரும்…”

“அண்ணா, விசிலடிக்குது! கொறைங்க அண்ணா!” முன்வரிசைப் பெண் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரல் கேட்டது. விசில் கேட்கவில்லை.

திரும்பி மிக்சரைப் பார்த்தார். சிவப்பு விளக்குகள் உச்சிவரை எரிந்தன. மைக் கூவினால்தான் அப்படி எரியும். முதல்வரம்மா இடுப்பிலிருந்த மைக் சுவிட்சை அணைத்ததும் விளக்குகளும் அணைந்தன. பெண்கள் கையை எடுத்தார்கள். அவருக்கு மட்டும் முன்பும் பின்பும் ஒன்றுபோலவே இருந்தது. ஐயோ, இத்தனை பெரிய கூவலா என் காதில் விழவில்லை?

முதல்வரம்மா பக்கத்தில் வந்தார்.

“சார், கேக்குதா?”

“என்ன மேடம் கேக்குதா?”

கண்ணைத் திருப்பினார். அந்த அம்மா அவர் காதோரம் விரல்களை உரசிக்கொண்டிருந்தார். அந்த உரசலும் கேட்கவில்லை.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“எப்படி? காலைல வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!”

“பெரிய சத்தத்துலயே நின்னு நின்னு இப்படி ஆகும் சார். கீச்சுச் சத்தம்தான் மொதல்ல போகும். போறதே தெரியாது. டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவருக்கே தெரியாது. உச்சி வெயிலில் சாத்தியிருந்த கதவுக்கு முன்னால் நின்றார். கடவுளே, இந்த மணி மட்டும் நிஜமாகவே கெட்டுப்போயிருக்கட்டும். கடைக்காரன் என்னை ஏமாற்றியிருக்கட்டும்.

அழுத்தினார். கதவில் காதை ஒட்டிக் கேட்டார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். ஒன்றுமில்லை. உள்ளேயிருந்து அவளும் வரவில்லை, அப்போ மணிதான் கெட்டிருக்கிறது! போன உயிர் பாதி திரும்பி வந்தது.

கதவு திறந்தது. மனைவி ஈரக் கையோடு நின்றாள்.

“ஒரு தடவ அடிச்சா போதாதா? வந்துக்கிட்டேதானே இருக்கேன்!”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“அடிச்சுதா?”

“கீச்சுன்னு காது கிழியுது.”

“அந்த மொத ரெண்டு மணி?”

“அதுவும் நல்லாத்தான் அடிச்சுது. காலைலகூட அதத்தானே சொன்னேன். நான் சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க?”

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லும் வசைதான். அவரும் தினம் ஒரு பதில் வைத்திருப்பார். இன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவள் கோபம் எங்கேயோ போய்விட்டது.

“என்னங்க ஆச்சு?”

“காலைல சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு” என்றார். “என் மொகத்தப் பாத்துச் சொல்லு.”