நிறுத்தும் பட்டன் எங்கே?

இன்று பதுளையில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் இன்டர்நெட் கடையில் அடி வாங்கினேன்.

நான் கண் தெரியாத பள்ளிக்கூட மாஸ்டர். கணினித் திரையை ஒரு மென்பொருள் எனக்கு வாசித்துச் சொல்லும். மவுஸ் உதவாது, எல்லாம் விசைப்பலகைதான்.

எங்கள் தேயிலைத் தோட்ட வாசிகசாலைச் சங்கத்துக்கு நானே செயலாளர். நான் போகாத போன கூட்டம், கொழும்பு உறுப்பினர்களுக்காக இணையத்திலும் நடந்தது. அதில் தலைவர் செல்வத்தின் மண்டை உடைந்தது. "அவராத்தான் வழுக்கி விழுந்தாரு" என்று பொருளாளர் ராஜேந்திரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

அறிக்கை எழுதுவதற்காகக் கூட்டத்தின் பதிவைப் போட்டேன். பாதியில் ஹெட்போன் வயர் கழன்றது.

கடை முழுக்க ராஜேந்திரனின் குரல்: "இன்னும் வேணுமாடா?" நாற்காலி முறிகிறது. செல்வம் அலறுகிறார்.

நிறுத்தப் பார்த்தேன். டேப் விசையைத் தட்டத் தட்ட, மென்பொருள் "பட்டன், பட்டன், பட்டன்" என்றே சொன்னது. பதிவை ஓட்டும் செயலியைச் செய்தவன், எது எந்தப் பட்டன் என்று பெயர் வைக்கவில்லை. ஒன்றை அழுத்தினேன். பதிவு பின்னால் ஓடி, செல்வம் மறுபடியும் அடி வாங்கினார்.

"வேணும்னே போட்டுக் காட்டுறீங்களா மாஸ்டர்?"

பக்கத்துக் கணினியில் இருந்தது ராஜேந்திரன்!

"இல்லங்க, நிப்பாட்டத்தான் தேடுறேன்!" பதறி இன்னொன்றை அழுத்தினேன். சத்தம் கூடியது.

வாயிலேயே குத்தினார். கீழே தள்ளி மிதித்தார். நானா ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்துவிட்டு, மவுஸை ஒரு தட்டுத் தட்டினார். கூட்டம் நின்றது.

"இவ்வளவுதானே மாஸ்டர், என்னைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

அந்தச் செயலியைச் செய்தவனின் விலாசம் யாருக்காவது தெரியுமா? அவனுக்குச் சேரவேண்டிய பல் ஒன்று என்னிடம் இருக்கிறது.