பதினேழு குவளை காஸ்டிக்

என் அக்காவைக் கட்டியவரை அந்த சோப்புக் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காஸ்டிக் என்பார்கள். எண்ணெயில் காஸ்டிக் சோடாவைக் கலந்து சோப்புக் காய்ச்சுகிறவர், அதனால் வந்த பெயர் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். ஒரு தடவை அவர் வாயில் விழுந்து எழுந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல். காய்ச்சும் அறைச் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்திருப்பார்: தேங்காயெண்ணெய் நூறு கிலோ, காஸ்டிக் பதினேழு கிலோ. காஸ்டிக் குறைந்தால் எண்ணெய் மிஞ்சி சோப்பு பிசுபிசுக்கும். கூடினால் காஸ்டிக் மிஞ்சி, குளிக்கிறவன் தோலைத் தின்னும்.

"எண்ணெய்க்குத் தெரியும், தனக்கு எவ்வளவு வேணும்னு. உங்களுக்குத்தான் எதுலயும் அளவு தெரியாது" என்பார், பக்கத்தில் யார் நின்றாலும்.

தராசு இருந்தது. தொட மாட்டார். அவரிடம் ஒரு எவர்சில்வர் குவளை உண்டு. காஸ்டிக்கை அள்ளித் தலை தட்டினால் சரியாக ஒரு கிலோ. பதினேழு குவளை, முடிந்தது வேலை. தராசெல்லாம் கை நடுங்குகிறவனுக்கு என்பது அவர் கட்சி. அந்தக் குவளையை இன்னொருவர் தொட்டால் அன்றைக்கு ஊர் இரண்டுபடும்.

அக்காவுக்கு அதே கம்பெனியில் சோப்பு வெட்டும் மேசை. எனக்கு பேக்கிங். வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டைக்கு மட்டும்தான் பேச்சு. இருப்பது ஒரே அறை, நடுவில் துணி காயும் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். நான் சாப்பிடப் போனால், "உங்க அத்தானை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுடா" என்பாள். அவர் இரண்டு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார்.

"ஏன்க்கா, பிரிஞ்சு போயிடலாமே?"

"எப்படிடா போறது? என் விசாவை அவர் விசா வால்ல இல்ல கட்டி வெச்சிருக்கு."

இந்த நாட்டில் சட்டம் அப்படி. அவருக்கு வேலை போனால் மறுநாளே அவளும் பெட்டி கட்ட வேண்டும். யாராவது கதவைத் தட்டினாலே எனக்கு அந்த நினைப்புதான் வரும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. குளித்தவர்களுக்கெல்லாம் உடம்பு எரிகிறதாம். அத்தான் நேராக ஸ்டோர்காரர் மேல் பாய்ந்தார்.

"எண்ணெய்ல கலப்படம். நல்லதை வெளியே வித்துட்டு கழுவின தண்ணியை எனக்குக் கொடுக்கிறான்."

ஸ்டோர்காரர் விடுகிற ஆளா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். போய்யா, காய்ச்சுறதைப் பாரு!"

முதலாளி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அத்தானிடம் சொன்னார்: "அடுத்த காய்ச்சலும் இப்படி வந்தா, நீ ஊருக்குக் கிளம்பு."

அடுத்த காய்ச்சல் அக்காவின் மேசைக்கு வந்தது. வெட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சீவல் எடுத்து, ஈர விரலில் தேய்த்து, நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். பேட்டரி முனையை வைத்த மாதிரி சுரீரென்றால் காஸ்டிக் மிச்சம் நிற்கிறது என்று அர்த்தம். அக்கா வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள். நேராகக் காய்ச்சும் அறைக்குப் போனாள்.

"கொட்டுது."

"உன் நாக்கு உன்னையே கொட்டியிருக்கும். போ."

அவள் ஸ்டோருக்குப் போனாள். எண்ணெயை முகர்ந்து பார்த்தாள். எண்ணெயில் ஒரு குறையும் இல்லை. காஸ்டிக் மூட்டையை அவிழ்த்தாள். முன்னெல்லாம் செதில் செதிலாக வரும். இப்போது ஜவ்வரிசி மாதிரி மணி மணியாக இருந்தது.

"கம்பெனி மாத்திட்டான். ரெண்டும் ஒரே காஸ்டிக்தானேம்மா? உங்க வீட்டுக்காரரும் பார்த்தாரு, ஒண்ணும் சொல்லலை" என்றார் ஸ்டோர்காரர்.

அவள் ஒரு வாளி மணியோடு காய்ச்சும் அறைக்குத் திரும்பும்போது முதலாளியும் அங்கே வந்துவிட்டார். அத்தான் மறுபடி எண்ணெயைத் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா ஆணியில் தொங்கிய குவளையை எடுத்தாள். மணியை அள்ளி, தலை தட்டி, தராசில் வைத்து, குவளை எடையைக் கழித்தாள்.

ஒரு கிலோ இருநூறு கிராம்.

"செதிலுக்கு நடுவுல சந்து இருந்துச்சு. மணி நெருக்கி உட்கார்ந்துடுது. பதினேழு குவளைன்னு இருபது கிலோவுக்கு மேல கொட்டியிருக்காரு. எண்ணெய் எவ்வளவுதான் தின்னும்?"

முதலாளி அத்தானுக்கு வாசலைக் கை காட்டினார். அக்கா கெஞ்சவில்லை. "அனுப்புங்க. மேசையில கிடக்கிற சோப்பை நீங்களே சரி பண்ணிக்குவீங்கல்ல?" என்றாள்.

"சரி பண்ண முடியுமா?"

அத்தான் அக்காவைக் கண்ணால் எரித்துக்கொண்டே பதில் சொன்னார். "இருபது கிலோ நானூறு கிராம் போயிருக்கு. பதினேழுக்கு நூறுன்னா அதுக்கு நூத்தி இருபது கிலோ எண்ணெய் வேணும். நூறு உள்ளே இருக்கு. இன்னும் இருபது ஊத்தித் திரும்பக் காய்ச்சினா மிச்ச காஸ்டிக்கும் சோப்பாயிடும்." யோசிக்கக்கூட இல்லை. கோபத்திலும் கணக்கு மட்டும் பிசகாது அவருக்கு.

"காய்ச்சு. பிசகினா பெட்டியைக் கட்டு."

காய்ச்சினார். பிசகவில்லை. வேலை நிலைத்தது. அன்றைக்கு நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"எல்லார் முன்னாடியும் என் குவளையைத் தொட்ட."

"உங்களுக்காகத் தொட்டேன்னு நினைச்சுக்காதீங்க."

இப்போது தராசில்தான் நிறுக்கிறார், எண் அவள் கண்ணில் படாதபடி முதுகைக் காட்டிக்கொண்டு. குவளையை ஸ்டோர்காரர் கேட்டு வாங்கி, அத்தான் போகவர பார்க்கட்டும் என்று தன் மேசையில் பேனா போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு காய்ச்சலிலும் முதல் சீவலை அத்தானே வெட்டி எடுத்துவந்து அக்கா முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.

"நக்கு."

அவள் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். "கொட்டலை."

"வருத்தமா இருக்குமே?"

"ரொம்ப" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டியை வெட்டுகிறாள்.