மூன்று ஆசனம் குறைந்தபோது

மொழிபெயர்ப்பாளர் தொழிலில் வாய் மட்டுந்தான் எங்களுடையது. அதிலிருந்து வருவதெல்லாம் மற்றவர்களுடையது. இதே தொழிலில் கிடந்து அல்லாடுகிற உங்களுக்கு அது தெரியும்.

ஒருமுறை பாராளுமன்றத் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. பெரிய கட்சிக்கு மூன்று ஆசனம் குறைந்தது. தமிழ்க் கட்சி ஒன்றிடம் சரியாக மூன்று இருந்தது. அதன் தலைவருக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம் மட்டுந்தான். ஆகவே கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

பார்ப்போம்

பேச்சுவார்த்தை பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டு மேல்மாடியில் நடந்தது. வழக்கே போடாமல் வருஷக்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டிருப்பவர்களை விடவேண்டும் என்பதுதான் தலைவரின் முதல் கோரிக்கை. பெரிய கட்சியின் செயலாளர் "பலமு" என்றார். "பார்ப்போம் எண்டு சொல்றார், ஐயா" என்றேன். இரண்டாம் தரமும் பலமு. மூன்றாம் தரமும் அதுவே.

தலைவர் பேனையை மூடினார். "பிள்ளை, அந்தச் சொல் எனக்கு முப்பது வருஷமா விளங்கும். இனி அவர் வேற ஏதும் சொன்னால் மட்டும் சொல்லுங்கோ."

வாசலில்

கொட்டாஞ்சேனையில் தையல்வேலை செய்யும் ரஞ்சனி அக்கா முதல் இரண்டு நாளும் அந்த வீட்டுக் கேற்றடியில் நின்றார். அவருடைய கணவர் வழக்கில்லாமல் ஆறு வருஷமாகச் சிறைக்குள்ளே. என்ன நடந்தது என்று கேட்டார். உள்ளே கதைப்பதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"ஒண்டும் சொல்ல வேண்டாம், தங்கச்சி. இவரின்ர பேரை அங்க ஆராவது ஒருக்கா எண்டாலும் சத்தமாச் சொன்னவையோ, அதை மட்டும் சொல்லுங்கோ."

இரண்டு பிரதிகள்

ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் கூட்டம் தொடங்க முன்னர் அந்தப் பெயரைத் துண்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். அவர் அதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார். நான் சிங்களத்தில் சொன்னேன்.

மதியம் ஒப்பந்தம் வந்தது. சிங்களப் பிரதியில், விடுவிப்பது பற்றி "ஆராயப்படும்" என்று இருந்தது. தமிழில் "விடுவிக்கப்படுவர்" என்று போடுங்கள், உங்கள் சனம் சந்தோஷப்படும் என்றார் செயலாளர். தலைவர் கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்தார். அவருக்கு ஒரு பிரதியமைச்சர் பதவி பேசி முடிந்திருந்தது. பொய்ப் பிரதியில் என் மொழிபெயர்ப்பாளர் முத்திரையைக் குத்த மாட்டேன் என்று இரண்டு மொழியிலும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "அப்ப தமிழை விடுங்கோ. சிங்களத்தை மாத்தச் சொல்லுங்கோ. இல்லாட்டி மூண்டு ஆசனமும் வீட்ட போகுது எண்டும் சொல்லுங்கோ."

எட்டாம் மாதம்

சிங்களப் பிரதி மாறியது, தமிழும் அதன்படியே: மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் விட வேண்டும். அடுத்த கிழமை புதிய அமைச்சரவை சத்தியப்பிரமாணம் செய்தது. மூன்று மாதம் போனது, ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் பிரதியமைச்சராக இருந்துகொண்டே கடிதம் கடிதமாக எழுதினார். எட்டாம் மாதம் ரஞ்சனி அக்காவின் கணவர் வீட்டுக்கு வந்தார்.

பார்க்கப் போனேன். மனிதர் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கவும் மனைவியிடம் அனுமதி கேட்டார். அக்கா என்னை வாசல்வரை கூட்டிவந்து கையைப் பிடித்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"இவரோட இருந்த பதினொரு பேர் இன்னும் உள்ளுக்கத்தான், தங்கச்சி. அவைக்கும் மூண்டு மாசம் எண்டுதானே எழுதினனீங்கள்?"

கூட்டு அரசாங்கம் அமைப்பது மூன்று நாள் வேலைதான்; எழுதியதைச் செய்விப்பது யாருடைய வேலை என்பதை மட்டும் எந்த மொழிப் பிரதியிலும் எழுத மறந்துவிட்டோம்.