கம்பெனிக்குச் சொந்தமான கால்

நீவெஸுக்கு இரண்டு கால்கள். இரண்டும் அவளுடையவை அல்ல. இத்தாலியின் மொன்தெபெல்லூனா ஊரில் பனிச்சறுக்கு பூட்ஸ் செய்யும் அம்பேலியோவின் கம்பெனிக்கு அவை சொந்தம். எழுதிக் கொடுத்ததெல்லாம் ஒன்றும் கிடையாது. ஊர் அப்படித்தான் பேசும். அவள் புருஷன் ஜெலிந்தோ குன்றுச் சரிவில் திராட்சை போடுகிறவன். ஒரு கிளாஸ் உள்ளே போனதும் மதுக்கடையில் ஆரம்பித்துவிடுவான்.

"கணுக்காலுக்கு மேலதான்யா என் பொண்டாட்டி. அதுக்குக் கீழ கம்பெனிச் சொத்து!"

அவன் சொல்வதில் தப்பில்லை. பெண்களுக்கான பூட்ஸ் எந்த அளவில் விற்றாலும் முதலில் இருபத்து நாலரை அளவில்தான் செய்து பார்ப்பார்கள். அது சரியாக வந்தால்தான் மற்ற அளவுகள். அதற்கு, மாதிரிக்கு வைத்திருக்கும் மரக்கட்டைப் பாதம் போலவே உயிருள்ள ஒரு பாதம் வேண்டும். நீளம் சரியாக இருக்கும் கால் ஊரில் நூறு கிடைக்கும். அகலம், குதிகால், பாதத்து மேடு எல்லாம் சேர்ந்து வருவது லேசில் கிடைக்காது.

நீவெஸ் பத்தொன்பது வயதில் தையல் பிரிவில் சேர்ந்தபோது, அங்கே அளவு வெட்டும் ஓரெஸ்தே என்ற முசுடு, அளவு நாடாவோடு ஒவ்வொரு பெண்ணின் காலடியிலும் குந்திக்கொண்டிருந்தான். இவள் காலை எடுத்துப் பார்த்தவன் போட்ட கூச்சலில் தையல் மிஷின்கள் நின்றுவிட்டன.

"எல்லாரும் ஓடி வாங்க! மாதா சத்தியமா சொல்றேன், கட்டைக்கு உயிர் வந்துடுச்சு!"

அன்றிலிருந்து அவள்தான் கம்பெனியின் கால். ஜப்பான்காரி போட்டாலும் கனடாக்காரி போட்டாலும் அந்த பூட்ஸை முதலில் போட்டுப் பார்த்தவள் நீவெஸ். கம்பளத்தில் எழுந்து நின்று, கண்ணைப் பாதி மூடி, "குதிகால் லேசா தூக்குது ஓரெஸ்தே" என்பாள். அவன் முனகிக்கொண்டே போய்ச் சீவிவிட்டு வருவான். அந்த ஒரு வாக்கியத்துக்கு இருந்த மரியாதையை அவள் வேறு எங்கேயும் கண்டதில்லை. வீட்டில் அவள் சொல்லி ஒரு ஜன்னல்கூடச் சாத்தப்பட்டதில்லை.

அதற்கு விலையும் இருந்தது. கல்யாணத்துக்கு உயர்ந்த குதிகால் செருப்பு கூடாது. ஓரெஸ்தே கோயில் வாசலிலேயே நின்று மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தான். திருவிழாவில் ஆடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பனிச்சறுக்கு கூடவே கூடாது. "கால் ஒடிஞ்சா நான் எங்கம்மா போவேன்?" என்று அப்போது கம்பெனியை நடத்திய அம்பேலியோவின் அப்பாவே சொல்லிவைத்துவிட்டார். ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தையெல்லாம் சறுக்கும். பெயரிலேயே பனியை வைத்திருந்த நீவெஸ் மட்டும் பனியில் ஒருநாளும் சறுக்கியதில்லை. குளிர்காலத்தில் ஜெலிந்தோ மலையிலிருந்து மூக்குச் சிவந்து திரும்பும்போது அவள் அடுப்படியில் சோளமாவுப் பொலெந்தாக் களி கிண்டிக்கொண்டிருப்பாள். பொறாமையாக இருக்கும். சொல்லமாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான், ஐம்பதைத் தாண்டியதும், வலது பெருவிரல் மூட்டில் எலும்பு புடைத்துக்கொண்டு கிளம்பியது. முதலில் பட்டாணி போல இருந்தது. ஒரே வருஷத்தில் வாதுமைக்கொட்டை அளவு ஆகிவிட்டது. ஜெலிந்தோ ஒருநாள் பார்த்துவிட்டு, "ஏய், இது என்னடி? டாக்டர்கிட்ட காட்டு" என்றான்.

"வாயத் தெறந்த, இந்த வீட்ல உனக்குச் சோறு கிடையாது" என்றாள்.

அதிலிருந்து காலுறையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வருவாள். கொக்கிகளைத் தானே மாட்டுவாள். ஒவ்வொரு பூட்ஸும் அந்தப் புடைப்பை நசுக்கும். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், "இங்க சரியா இருக்கு" என்று சொல்லுவாள். பொய்தான். அவள் காலுக்குப் பொய், மரக்கட்டைக்கு மெய். அதனால் பூட்ஸில் எந்தக் குறையும் வரவில்லை. வலி மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

இந்த வருஷம் அம்பேலியோவுக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. பூட்ஸின் பிளாஸ்டிக் ஓடு வருஷக்கணக்கில் உழைக்கும். உள்ளே இருக்கும் மெத்தையான உள்பூட்ஸ்தான் பழைய தலையணை மாதிரி அமுங்கிப் போய், கால் உள்ளே கடகடவென்று ஆடும். அதற்காக முழு பூட்ஸையும் எவன் வாங்குவான்? மாற்றிப் போட உள்பூட்ஸ் மட்டும் தனியாக விற்கலாம். மூன்று விதம் செய்தாயிற்று. ஒன்றுதான் கடைக்குப் போகும். எது என்று கால் சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த முறை ஒரு கால் இல்லை, இரண்டு. பெட்டி கட்டும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நொயேமி என்ற பெண்ணின் பாதமும் கட்டையில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அம்பேலியோ எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

"ஜனவரியிலருந்து ஒரே காலுதான். ரெண்டு காலுக்குச் சம்பளம் குடுக்க என்னால ஆகாது. இன்னைக்கு யாரு சரியாச் சொல்றாங்களோ அவங்கதான்."

செய்தி பரவிப் போனது. மத்தியானம் தையல் பிரிவு, பெட்டிப் பிரிவு எல்லாம் ரொட்டித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டே மாதிரி அறை வாசலில் கூடிவிட்டது. யார் ஜெயிப்பார்கள் என்று ஒரு பாட்டில் புரோசெக்கோ ஒயின் பந்தயம்கூட ஓடியது. நீவெஸுக்குப் பயம் பாதி. மீதி, சொன்னால் வெட்கம், ஒரே குஷி. இத்தனை வருஷத்தில் அவள் காலைப் பார்க்க இவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

"அக்கா, பயமா இருக்கு" என்றாள் நொயேமி, பக்கத்தில் உட்கார்ந்து.

"கட்டை மாதிரி காலை வச்சிருக்க, உனக்கென்னடி பயம்?"

முதலில் சிவப்பு. உள்ளே பஞ்சு போன்ற ரோமம், வெளியே அழகான தையல். அம்பேலியோவின் செல்லம் அது. நொயேமி எழுந்து நின்று, "நல்லா இருக்கு!" என்றாள். நீவெஸின் புடைப்பை அது ஓட்டோடு வைத்து நெருக்கியது. "பரவாயில்ல. கொஞ்ச நாள்ல அமுங்கிடும்" என்றாள்.

அடுத்து நீலம். கெட்டி. கயிறு போட்டு இறுக்குவது. நொயேமி, "இதுவும் நல்லா இருக்கு!" என்றாள். நீவெஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சிரித்தாள். "பந்தயக்காரங்களுக்கு ஆகும். வீட்டுப் பொம்பளைங்க திட்டுவாங்க."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பதில் என்றால் இதல்லவா பதில்!

மூன்றாவது சாம்பல் நிறம். பார்க்கச் சகிக்காது, ஏதோ செங்கல்லைக் குடைந்தது போல. ஓரெஸ்தேயின் பிள்ளை அது. இரண்டு வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அதை முதலில் சிறிய அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும்.

"என்னய்யா, லசான்யாவா செய்யற?" என்றான் அம்பேலியோ.

"நீ பள்ளிக்கூடத்துல இருந்தே இப்படித்தான் அம்பேலியோ, புரியாததுக்கெல்லாம் சிரிப்ப. சூடு பண்ணினா இது இளகும். கால் உள்ள போய் நின்னதும், அந்தக் கால் எப்படியோ அப்படியே படிஞ்சிடும். ஆறினதும் இறுகிடும். அவ்வளவுதான். இனி அது அந்தக் காலோடது."

நீவெஸின் காலில் அது ஏறியபோது முதலில் வெதுவெதுப்பு. கொக்கி மாட்டினாள். நின்றாள். அசையக் கூடாது என்றான் ஓரெஸ்தே. புடைப்பு வழக்கம்போல வலிக்கத் தயாராக இருந்தது. வலித்தது. அப்புறம் மெல்ல, யாரோ விலகி இடம் விட்டது போல, சுவர் பின்வாங்கியது. வலி போய்விட்டது. குறைந்தது என்று நினைத்தீர்களா? போயே போய்விட்டது! குதிகால் இறுக்கிப் பிடித்திருக்கிறது, கணுக்கால் பிடித்திருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. பூட்ஸுக்குள் அப்படி ஒரு நிம்மதியை அவள் எத்தனையோ நாளாக அறிந்ததில்லை. அவளுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது காலின்படி படியும் என்றானே. படிந்துகொண்டுதான் இருக்கிறது. வெளியே எடுத்தால் உள்பக்கத்தில் ஒரு குழி இருக்கும், வாதுமைக்கொட்டை அளவில். நல்லது என்று அவள் சொன்ன எதையும் ஓரெஸ்தே கையை விட்டுத் தடவிப் பார்க்காமல் விட்டதே இல்லை.

இதையே மட்டம் என்று சொல்லிவிட்டால்? ஓரெஸ்தேயின் குணம் அவளுக்குத் தெரியும். ஆகாது என்று சொன்ன பூட்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்; கோபத்தில் அப்படியே குப்பைத் தொட்டியில் வீசுவான். குழியும் அதோடு போகும். ஜனவரியில் அவள்தான் கம்பெனியின் கால். ஒரே ஒரு சின்னப் பொய், இத்தனை நாள் சொன்னதில் இன்னொன்று.

"இதுவும் நல்லா இருக்கு!" என்றாள் நொயேமி.

"அடியே, உனக்கு எதுதான் நல்லா இல்ல?" என்று அம்பேலியோ தலையில் கை வைத்தான். கூட்டம் சிரித்தது. "நீவெஸ், நீ சொல்லு. சிவப்புதானே?"

ஓரெஸ்தே அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நீவெஸ் பொய் சொல்லத்தான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். ஆனால் அவள் கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அந்த பூட்ஸோடு கம்பளத்தில் தொம்தொம் என்று இரண்டு குதி குதித்தாள். "இதுதான்! இதுதான் முதலாளி! சிவப்பத் தூக்கி அடுப்புல போடுங்க!"

வாசலில் ஒரே ஆரவாரம். ஓரெஸ்தே ஓடிவந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, ஆறட்டும் ஆறட்டும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆறியதும் வலது காலின் உள்பூட்ஸை உருவி எடுத்துக் கையை உள்ளே விட்டான். தடவினான். கை ஓரிடத்தில் நின்றது. திரும்ப அதே இடத்தைத் தொட்டது.

அவன் நிமிர்ந்து நீவெஸைப் பார்த்தான். முப்பது வருஷமாக அந்தக் காலைத் தெரிந்தவன்.

"என்னய்யா?" என்றான் அம்பேலியோ.

"ஒண்ணுமில்ல. நல்லா வந்திருக்கு" என்று ஓரெஸ்தே அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அந்த முசுடுக்குப் பொய் சொல்லத் தெரியாது. காது வரைக்கும் சிவந்துவிட்டது.

நீவெஸால் அதைப் பார்க்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். காலுறையை உருவினாள். காலைத் தூக்கி, அம்பேலியோவின் மேஜைமேல் நீட்டினாள்.

அம்பேலியோ காலைப் பார்த்தான், ஓரெஸ்தேயிடமிருந்து உள்பூட்ஸை வாங்கிக் குழியில் விரலை வைத்துப் பார்த்தான், மறுபடி காலைப் பார்த்தான்.

"இவ்வளவு பெரிசா? வலிக்கலியா?"

"மத்ததுல உயிர் போச்சு. இதுல இல்ல."

"அப்ப சாம்பல்தான்" என்றான் அவன். வியாபாரி அல்லவா, அதை முதலில் சொன்னான். பிறகுதான் குரல் தணிந்தது. "நீவெஸ், ஜனவரியிலருந்து..."

"நொயேமிதான். தெரியும்."

தெரிந்துதான் சொன்னாள். இருந்தும், மறைப்பானேன், அழுதேவிட்டாள், கொஞ்சம். நொயேமி அவள் தோளைக் கட்டிக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நீவெஸ் சாம்பல் உள்பூட்ஸைக் காட்டினாள். "இந்த ஜோடிய என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது, குப்பைதான்" என்றான் ஓரெஸ்தே. "இனி இது உலகத்துல வேற எவ காலுக்கும் ஆகாது."

நீவெஸ் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆயிரக்கணக்கில் பூட்ஸ் போட்டுக் கழற்றியிருக்கிறாள். அவள் கால் எல்லோருடைய கால். அந்த பூட்ஸெல்லாம் வேறு யார் யாருடையவையோ. இது வேறு எவளுக்கும் ஆகாதாம். அவளுக்குச் சிரிப்பு பொங்கியது.

"அப்ப எனக்குக் குடு. ஓட்டோட குடு."

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வேனோடு காத்திருந்த ஜெலிந்தோ, பெண்டாட்டி தடக் தடக் என்று பூட்ஸோடு நடந்து வருவதைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"என்னடி இது கோலம்?"

"யோவ், மேல பனி விழுந்துடுச்சுல்ல?"

ஞாயிற்றுக்கிழமை ஃபல்காதே மலையில், மழலைகள் பழகும் சரிவில், ஐம்பத்தோரு வயதுப் பெண்மணி ஒருத்தி குழந்தைகளோடு வரிசையில் நின்றாள். முதல் தடவை உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தடவை பக்கவாட்டில் போனாள். மூன்றாம் தடவை சறுக்குக்கட்டை சொன்னபடி கேட்டது. தலைகால் புரியாமல் அலறிக்கொண்டே பத்திருபது அடி நேராகப் போய், ஒரு வேலியில் மோதி, கைகால் பரப்பி விழுந்தாள்.

ஜெலிந்தோ மேலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தான். இத்தனை வருஷப் பழக்கம், வாயில் வேறென்ன வரும்? "ஐயோ, கால்! கால பாருடி! காலுக்கு ஒண்ணும் ஆகலியே?"

வாய் நிறையப் பனியோடு நீவெஸ் மல்லாந்து கிடந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என் காலுதான்யா, விடு! தூக்கி விடு, திரும்பப் போறேன்!"