கச்சான் காற்றும் இருபது கதிரைகளும்

போன திங்கட்கிழமை என்னால் நடந்த கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? ஊரில்தான் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியுமே.

கற்பிட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அண்மையில் புது நேர்சரி திறந்தார்கள். கட்டியவர் ஓர் ஆர்கிடெக்ட். என் வயதுதான் இருக்கும். கடல் பக்கம் முழுச்சுவர் கிடையாது – மரச் சட்டங்களை இடைவெளி விட்டு வரிசையாக நிறுத்தியிருக்கிறார். பிள்ளைகள் உட்காரும் கதிரைகளும் அவர் வடிவமைத்தவைதான். முதுகில் அதே சட்டம், அதே இடைவெளி.

எல்லோரும் வடிவு என்றார்கள். என் கண்ணுக்கு இடைவெளி மட்டும்தான் தெரிந்தது. மகளுக்கு நான்கு வயது. விரல் மாட்டிக்கொண்டால்...?

இரண்டு கிழமையாகத் தினமும், நேர்சரி விடும்வரை கேட்டடியிலேயே நின்றேன். டீச்சர் வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தார். கால் நகர வேண்டுமே!

பிறகு ஒரு யோசனை. நீலத் துணி எடுத்து, இருபது கதிரை முதுகுக்கும் உறை தைத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் போய் மாட்டினேன். டீச்சருக்கும் பிடித்துப்போனது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை ஆர்கிடெக்ட் வந்திருந்தார். பிள்ளைகள் ஜெபத்துக்கு எழுந்து நடுவில் கூடினார்கள். கடலிலிருந்து கச்சான் காற்று ஒன்று அடித்தது பாருங்கள் – இருபது கதிரையும் ஒன்றன்பின் ஒன்றாக மல்லாந்து விழுந்தன. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. எனக்கு உயிர் இல்லை. யாராவது உட்கார்ந்திருந்தால்?

பிள்ளையோடு வந்திருந்த பக்கத்து வீட்டு மரியா அக்கா விடுவாரா? என் வீட்டுக்காரர் பாய்மர வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்.

"வள்ளக்காரன்ட பொஞ்சாதிதானே... கதிரைக்கும் பாய் கட்டிப்போட்டா."

ஆர்கிடெக்ட் சிரிக்கவில்லை. சுவரைத் தள்ளாமல் காற்றுப் போகத்தான் இடைவெளி, அதே காற்று கதிரைக்கும் வருமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் விரல் பயத்தைச் சொன்னேன். உறைகளைக் கழற்றினார். மகளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கதிரையிலும் விரலை விட்டு எடுக்கச் சொன்னார். அவளுக்கு அது விளையாட்டு.

பதினான்காவது கதிரையில் விரல் கொஞ்சம் இறுகியது. உப்புக் காற்றில் மரம் ஊதியிருக்கிறது. அவர் முகம் மாறிவிட்டது.

"இத நான் யோசிக்கேல்ல அக்கா. நீங்க பயந்தது சரிதான்."

அந்தக் கதிரையைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டார். மற்றப் பத்தொன்பதையும் மகள் பாஸ் பண்ணிவிட்டாள்.

பயந்தது சரி, பயத்துக்குச் செய்த வைத்தியம்தான் பிழை – நம் வீடுகளில் பாதிக் கதை இதுதானே?

அன்றைக்குத்தான் முதல்முறையாக மகளை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்பதே கால்தான் ஆகியிருந்தது.

பிள்ளைகளைப் பழக்க நேர்சரி இருக்கிறது. அம்மாக்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதாம்?